அப்பாவின் லேண்ட் ரோவர்

எங்கள் வீட்டில் ஒரு லேண்ட் ரோவர் இருக்கிறது. 1966ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. அப்பாவையும் உம்மம்மாவையும் தவிர்த்துப் பார்த்தால் வீட்டில் உள்ள எல்லோரையும் விட வயதில் மூத்தது அதுதான். வெளியூர்த் தோழியருக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: எங்கள் பக்கத்தில் அப்பா என்றால் உம்மாவின் வாப்பா. வெலிமடையிலிருந்து பொரலந்தைப் பக்கமாகப் போய் உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். அங்கே அதை யாரும் லேண்ட் ரோவர் என்று சொல்வதில்லை. நம்மவர்கள் "ஹாஜியார்ட ஜீப்" என்பார்கள். சிங்கள அயலவர்கள் "ஹாஜியார்கே ஜீப் எக" என்பார்கள். அப்பா மட்டும் விடமாட்டார். "ஜீப் வேற, லேண்ட் ரோவர் வேற" என்று, கேட்பவர் யாராக இருந்தாலும் நிறுத்தி வைத்துத் திருத்துவார்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. முழு நியாயம் என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில், இங்கிலாந்தின் ரோவர் கம்பனியில் தலைமைப் பொறியியலாளராக இருந்த மொரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சி தீவில் இருந்த தமது பண்ணையில் பழைய வில்லிஸ் ஜீப் ஒன்றைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அது அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட வாகனம். அது தேய்ந்து போனால் பதிலுக்கு எதை வாங்குவது என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அதை முதன்முதலாக உலகுக்குக் காட்டினார்கள். யுத்தத்துக்குப் பின் அங்கே உருக்குக்குப் பெரும் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆரம்ப வண்டிகளுக்கு அடித்த வெளிர்பச்சை நிறம்கூட, விமானங்களுக்கு வாங்கி மிஞ்சிய பெயின்ற் என்று சொல்வார்கள். இதையெல்லாம் வாசித்துவிட்டு, "அப்பா, அப்படிப் பார்த்தா ஜீப் உங்கட லேண்ட் ரோவருக்கு மாமா முறை" என்றேன். அப்பா சற்று யோசித்தார். "மாமாதான், வாப்பா இல்லயே" என்றார்.

எங்களுடையது இரண்டாம் வரிசையில் 'ஏ' என்ற வகை. அந்த வகை 1961இல் வந்து 1971 வரை செய்யப்பட்டது. 109 அங்குல நீளமானது; அதாவது முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் அவ்வளவு. 88 அங்குலத்தில் ஒரு குட்டையும் உண்டு. அது மரக்கறி ஏற்றுகிறவர்களுக்குச் சரிவராது என்பது அப்பாவின் தீர்ப்பு. முன்விளக்குகள் இரண்டும் மூக்கோடு நெருங்கி, வலைக்கு உள்ளே இருக்கின்றன. பிந்திய வண்டிகளில் அவற்றைப் பக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சின்ன வயதில் எனக்கு அந்த முகம் பாடம் விளங்காத பிள்ளையின் முகம் போலத் தோன்றும். கதவுக் கண்ணாடிகள் மேலே ஏறி இறங்காது, பக்கவாட்டில் தள்ள வேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழே இரண்டு தகடுகள். அவற்றைத் திறந்தால் காற்று வரும். காற்றோடு மூடுபனியும், வழியில் இருக்கிற எல்லா மணமும் வரும். மைல் கணக்குக் காட்டும் முள் சாரதிக்கு நேரே இல்லாமல் வண்டியின் நடுவில் இருக்கிறது. வடிவமைத்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. எங்கள் உம்மா முன்னால் ஏறிவிட்டால் கண் அதை விட்டு அகலாது. "முப்பதுக்கு மேல போகுது" என்று சொல்லிக்கொண்டே வருவார். முப்பது மைல். அதற்கு மேல் போக அந்த வண்டியே விரும்பாது.

அது எங்கள் கைக்கு வந்த கதையும் நாட்டின் கதையோடு சேர்ந்தது. மலைநாட்டில் இந்த வாகனங்கள் முதலில் தோட்டத்துத் துரைமாருடையவை. தேயிலை மலையின் உச்சிக் கணக்கைப் பார்க்கப் போவதற்கு வேறு வாகனம் ஏலாது. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாகின. 1977க்குப் பின் இறக்குமதி திறந்து ஜப்பான் வாகனங்கள் வரத் தொடங்கியதும், பெற்றோல் குடிக்கும் பழைய வண்டிகளை வைத்துக்கொள்ளப் பலருக்கு மனமில்லை. அப்பா அப்போது வாலிபர். கழுதைப் பாதை போன்ற வரப்புகளில் உருளைக்கிழங்கு மூடைகளைத் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டிருந்தவர். ஒரு தோட்டத்தில் கொட்டிலுக்குள் நின்ற இந்த வண்டியை 1981இல் வாங்கினார். உம்மம்மாவின் காப்பு இரண்டு அதில் போயிற்று. அதை உம்மம்மா இன்றுவரை சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் ஒவ்வொரு பெருநாளைக்கும் சொல்வார்.

எங்கள் ஊரின் நாள் விடிவது மரக்கறியில். சிறுபோகத்தில் வயலில் உருளைக்கிழங்கு. மேட்டுக் காணியில் போஞ்சி, கரட், லீக்ஸ், கோவா. வயல்கள் படிப்படியாகக் கீழே இறங்குகின்றன. லொறி வந்து நிற்கிற வீதி மேலே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மண்பாதை. மழை பெய்தால் அதில் ஆள் நடக்கவே கம்பு வேண்டும். கீழிருந்து மேலே வருகிற அந்த முக்கால் கிலோமீற்றர்தான் எங்கள் லேண்ட் ரோவரின் உண்மையான தொழில். பன்னிரண்டு மூடைகளை ஏற்றிக்கொண்டு, சேற்றைக் கடைந்து, ஒரு முனகலோடு மேலே வந்து நிற்கும். பிறகு அங்கிருந்து கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு. எங்கள் மூடைகள் மட்டும் போவதில்லை. பக்கத்து வயல்காரர் நான்கு மூடை வைப்பார். பன்சலைக்குப் பின்னால் இருக்கிற அம்மா ஒரு கூடை லீக்ஸ் வைப்பார். கூலி என்று அப்பா கேட்டதில்லை. அவர்கள் பெற்றோலுக்கு என்று ஒரு தொகையை ஆசனத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் வைக்க மறந்துவிடுவார்கள். அப்பாவின் கொப்பியில் அதற்கென்று ஒரு பக்கம் இல்லை.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டியின் பெற்றோல் முள் நான் பிறப்பதற்கு முன்பே செத்துவிட்டது. அதனால் எத்தனையாவது மைலில் எத்தனை லீற்றர் ஊற்றினோம் என்று அப்பா ஒரு சிஆர் கொப்பியில் எழுதுவார். லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் தாண்டினால் அது நல்ல வாரம். அதே கொப்பியில் எண்ணெய் மாற்றிய நாள், வில்லுத்தகடு உடைந்த நாள், கராஜ் பாஸுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. நடுநடுவே யாருடைய ஜனாஸா எந்த நாள் என்றும் இருக்கும், ஏனென்றால் அன்றும் வண்டி ஓடியிருக்கும்.

விடியற்காலைக் குளிரில் பெற்றரி மறுத்துவிட்டால் இரும்புக் கைபிடி. முன்னால் ஒரு துளை வழியாக அதைச் செருகி எஞ்சினைக் கையால் சுழற்ற வேண்டும். அப்பா எனக்கு அதைப் பழக்கியது எட்டாம் ஆண்டில். முதல் பாடம் பெருவிரல். கைபிடியைப் பிடிக்கும்போது பெருவிரலும் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடிக்கக் கூடாது. எஞ்சின் சிலவேளை திருப்பி உதைக்கும். பெருவிரல் சுற்றியிருந்தால் எலும்பு போய்விடும். "பிஸ்மி சொல்லு, வெரல மடக்கு, மேல இழு, கீழ அமத்தாத." இந்த நான்கையும் அப்பா ஒரே மூச்சில், ஏதோ ஓதிக்கொடுப்பது போலச் சொல்வார். சுபஹுக்குப் பின் பள்ளியிலிருந்து வருகிறவர்கள், ஒரு பெண்பிள்ளை ஜீப்பைக் கைபிடி போட்டு எழுப்புவதைப் பார்த்துச் சற்று நின்றுவிட்டுப் போவார்கள்.

உம்மாவுக்கு இந்த வாகனத்தைப் பிடிக்காது. அதற்குக் காரணம் நான்.

2006 ஒக்டோபரில், மழை விடாமல் பெய்த ஓர் இரவில், உம்மாவுக்கு வயிற்று நோ கண்டது. வாப்பா அப்போது கட்டாரில். வரச் சொன்ன வான், எங்கள் ஊர்ச் சந்திக்குக் கீழே மண் சரிந்திருப்பதாகச் சொல்லித் திரும்பிப் போய்விட்டது. அப்பா லேண்ட் ரோவரை எடுத்தார். உம்மா பின்னால், பக்கவாட்டுப் பலகை ஆசனத்தில், மெத்தை போட்டு, உம்மம்மாவின் மடியில் தலை. சரிந்த மண்ணின் மேல் ஏறி, எட்டம்பிட்டிய வழியாக, ஹாலி-எல தாண்டி, பதுளை வரை. இரண்டரை மணித்தியாலம். கூரை தார்ப்பாய், அது ஒழுகியது. அந்த வண்டியில் இருப்பது உழவு மெஷினுக்கும் மாட்டு வண்டிக்கும் இடையில் ஒரு வில்லு. ஒவ்வொரு குழியும் தன் முதுகெலும்பில் எழுதப்பட்டிருப்பதாக உம்மா சொல்வார். அப்பா அதே இரவைச் சொல்லும்போது கதை வேறு: "சேத்துல ஒரு தடவையும் நிக்கல்ல." இரண்டு பேரும் சொல்வது ஒரே பயணத்தைத்தான். எங்கள் வீட்டில் இதைப் பற்றிய வாதம் எனக்கு இப்போது பத்தொன்பது வயதாகியும் முடியவில்லை. நான் இரண்டு பக்கமும் பேசுவதில்லை. பயணத்தில் நான் இருந்தேனே தவிர சாட்சி சொல்லும் நிலையில் இருக்கவில்லை.

உம்மாவின் மற்றக் குறைகள் சில்லறையானவை. உடுப்பில் பெற்றோல் மணக்கும். அது உண்மை. தாங்கி சாரதியின் ஆசனத்துக்குக் கீழேதான் இருக்கிறது. கலியாண வீட்டுக்குப் போனால் நாங்கள் வந்து இறங்குவதற்கு முன்பே நாங்கள் வருவது கேட்டுவிடும். அதுவும் உண்மை.

2022ஆம் ஆண்டை இங்கே தாண்டிப் போக முடியாது. அதற்கு முந்திய ஆண்டு இரசாயன உரத்தைத் தடை செய்ததில் எங்கள் கிழங்கு கோலிக்குண்டு அளவில் வந்தது. அதன் மேல் பெற்றோல். 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. அதுவும் கிடைத்தால். பெற்றோல் செட்டுக்கு முன்னால் இரவுபகலாக வாகனங்கள் கிடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தவர்கள். நான் விரிக்கத் தேவையில்லை. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது கார்களுக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. இருபது லீற்றர் என்றாலும் எங்கள் வண்டிக்கு அது 120 கிலோமீற்றர். அப்பா அந்த ஆண்டு நீண்ட பயணம் ஒன்றும் போகவில்லை. வயலுக்கும் வீதிக்கும் இடையில் மட்டும், வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாட்களில் கல்லின் மேல் ஏற்றி வைத்து, தார்ப்பாயால் மூடி, ஒவ்வொரு வெள்ளியும் எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். பெற்றோல் செலவில்லாமல் உள்ளே எண்ணெய் அசைய வேண்டும் என்பார். நோயாளிக்குப் புரண்டு படுக்க உதவுவது போல இருக்கும்.

அந்தக் காலத்தில்தான் வாங்க ஆள் வரத் தொடங்கியது. கொழும்பில் பழைய வாகனம் சேர்க்கிறவர்களுக்கு இப்படி மலையில் கிடக்கும் லேண்ட் ரோவர்கள் மேல் ஆசை. முதலில் வந்தவர் பளபளப்பாகப் பெயின்ற் அடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் காலிமுகத்திடல் வரை ஓட்டுவேன் என்றார். அப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்தவர் விலையைச் சொன்னபோது உம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். அந்தப் பணத்தில் எங்கள் வீட்டுக் கூரையை முழுதாக மாற்றி, என் பல்கலைக்கழகக் காலத்துக்கும் ஏதாவது எடுத்து வைக்கலாம். உம்மா அதை ஆசையில் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். அப்பாவும் அதை மறுக்கவில்லை. "ஓடுற மட்டும் ஓடட்டும்" என்றார். எது வரை ஓடும் என்பது வண்டியைப் பொறுத்தது என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தோம்.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த 2023 ஜூன் மாதம், அப்பா ஒரு நாள் சும்மா ஒரு பயணம் போகலாம் என்றார். மூடை இல்லை, நோயாளி இல்லை, ஜனாஸா இல்லை. அப்படி ஒரு பயணத்தை அந்த வண்டி அதற்கு முன் போயிருக்குமோ தெரியாது. நானும் என் தம்பியும் உம்மம்மாவும். உம்மா வரவில்லை. பொரலந்தையால் ஓஹியாவுக்கு ஏறி, அங்கிருந்து உடவேரியா தோட்டத்தின் வழியாகப் பம்பரகந்த நீர்வீழ்ச்சிப் பக்கம் இறங்கி, களுப்பஹனவில் பெரிய வீதியைப் பிடித்து, ஹல்துமுல்லை, ஹப்புத்தளை வழியாக வீடு. அந்த இறக்கத்துக்குப் பிசாசின் படிக்கட்டு என்று பெயர். ஊவா மலையின் விளிம்பிலிருந்து பாதை கல்லும் பள்ளமுமாக வளைந்து வளைந்து கீழே போகிறது.

ஓஹியா வரை குளிரும் யூக்கலிப்டஸ் மணமும். அது எங்களுக்குப் புதிதில்லை. இறக்கம் தொடங்கும் இடத்தில் அப்பா நிறுத்தினார். சாரதிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து மூன்று தடிகள் எழும்பி நிற்கின்றன. ஒன்று சாதாரணக் கியர். மஞ்சள் குமிழ் வைத்த குட்டைத் தடியைக் கீழே அமர்த்தினால் முன் சில்லுகளுக்கும் இழுவை போகும். சிவப்புக் குமிழ் வைத்ததைப் பின்னால் இழுத்தால் எல்லாக் கியரும் இன்னும் கீழே இறங்கும். வேகம் போய்ப் பலம் வரும். அப்பா சிவப்பை இழுத்து, முதலாம் கியரில் போட்டு, இரண்டு காலையும் தரையில் வைத்துக்கொண்டார். பிரேக்கில் கால் இல்லை. வண்டி தானாக, நடக்கிற ஆளின் வேகத்தில், உறுமிக்கொண்டு இறங்கியது.

"ஏறுறத்துக்கு எந்தக் கியர் வேணுமோ, எறங்குறத்துக்கும் அதே கியர்தான், மகள். பிரேக் சூடாகினா அது இல்லாத மாதிரி. எஞ்சின் பிடிச்சுக்கொள்ளும்."

கச்சான் காற்று தார்ப்பாயைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் மூடுபனி விலகியபோது, சப்ரகமுவச் சமவெளி முழுவதும் கீழே விரிந்து, சமனலவெவ நீர்த்தேக்கம் ஒரு கண்ணாடித் துண்டாகத் தெரிந்தது. தம்பி சத்தம் போட்டான். உம்மம்மா கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார், பார்க்கவேயில்லை. ஒரு முறை மட்டும், பாதை ஒடுங்கி வலது சில்லுக்கு அடியில் வெறும் கல் இருந்த இடத்தில், அப்பா இறங்கி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். லேண்ட் ரோவர் ஓட்டுவதில் பாதி இறங்கி நடப்பதுதான் என்று அன்று விளங்கியது. இப்போதைய பெரிய ஜீப்களில் வருகிறவர்கள் இறங்க மாட்டார்கள். அவர்களுடைய சில்லுத் தடங்களைப் பார்த்தாலே தெரியும்.

வழியில் லயத்துப் பக்கம் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கிளினிக்குக்குப் போக வேண்டும். அவரோடு இரண்டு பெண்பிள்ளைகள், என் வயதுதான் இருக்கும், களுப்பஹனவுக்கு. பிறகு ஒரு கிழவர் விறகுக்கட்டோடு. சும்மா போன பயணம் அரை மணியில் சும்மா இல்லாமல் போயிற்று. அப்பாவின் முகத்தில் அப்போதுதான் ஒரு நிம்மதி வந்ததை நான் கவனித்தேன். காலி வண்டியை ஓட்டுவது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்னைப் பார்த்து, "அக்கா, இத நீங்களும் ஓட்டுவீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல" என்றேன்.

"எங்க டீச்சர் ஒருத்தங்க ஸ்கூட்டி ஓட்டுறாங்க. ஜீப் ஓட்டுற பொம்பளய நான் பாத்ததேயில்ல."

263 மீற்றர் உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சியை அன்று தூரத்திலிருந்துதான் பார்த்தோம். தண்ணீர் குறைவு. குழந்தையைக் கிளினிக்கில் இறக்க வேண்டும் என்று அப்பா நிற்கவில்லை.

கடந்த ஆண்டு அப்பாவுக்குக் கண்ணில் புரை என்று வைத்தியர் சொன்னார். ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ், நன்றாகவே இருக்கிறது. மற்றதற்குத் திகதிக்காகக் காத்திருக்கிறோம். ஆனால் அதற்குள் அவரே ஒரு நாள் மஃரிபுக்குப் பின் வண்டியைச் சந்தியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். எதிரே வருகிற வெளிச்சம் பூப்போல விரிந்து வீதியை மறைக்கிறதாம். யாரிடமும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. சாவியை உம்மம்மாவிடம் கொடுத்தார். அடுத்த நாள் கிழங்கு மூடைகள் கீழே வயலில் கிடந்தன. ஒரு டிரக்டரைக் கூலிக்குப் பிடித்தோம். அதன் கூலி அன்று கிழங்கு விற்ற காசில் கால்வாசி.

அப்போதுதான் கேள்வி வீட்டுக்குள் வந்தது. வாப்பா ஊருக்கு வந்து கடை வைத்திருக்கிறார். அவருடைய கார் ஒட்டோ கியர், இந்த வண்டியின் பக்கம் போக அவருக்குப் பொறுமை இல்லை. மாமா டோஹாவில். தம்பிக்குப் பதினான்கு. கொழும்புக்காரர் மறுபடி தொலைபேசி எடுத்தார். உம்மா, "இனி யாரு ஓட்டுற? நிண்டு துருப்பிடிக்கவா?" என்றார். அலுமினியம் துருப்பிடிக்காது என்று தம்பி சொன்னான். சேசிஸ் இரும்பு என்று வாப்பா சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார்.

நான் வெளியில் பழகியது இல்லை. பதினேழு வயதிலிருந்தே எங்கள் காணியின் மண்பாதையில் அப்பா பக்கத்தில் இருக்க ஓட்டியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தால்தான் கிளச் முழுதாக அமரும். அந்தக் கிளச் ஒரு மூடையைக் காலால் தள்ளுவது போல. முதலாம் இரண்டாம் கியர்களுக்கு இரட்டைக் கிளச் போட வேண்டும்: அமர்த்தி, கியரை நடுவில் விட்டு, காலை எடுத்து, எஞ்சினைச் சற்று முறுக்கி, மறுபடி அமர்த்தி, அப்புறம்தான் கீழ்க் கியர். முறுக்கும் அளவு சரியென்றால் சத்தமே வராது. அளவு காதில் இருக்கிறது, மைல் முள்ளில் இல்லை. உயர்தரப் பௌதிகவியல் படிக்கிறவளாகச் சொல்கிறேன்: இரண்டு பற்சக்கரங்களின் வேகம் ஒத்துவர வேண்டும் என்பதைப் புத்தகத்தில் வாசித்தபோது, அது என் வலது காலுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

உம்மா மறுத்தார். அதை நான் மரியாதையோடு எழுத வேண்டும், ஏனென்றால் இந்த மலரை வாசிக்கும் தாய்மார் பலர் அவர் பக்கம்தான் இருப்பார்கள். பெண்பிள்ளை வண்டி ஓட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. பஸாரில் பெண்கள் கார் ஓட்டுகிறார்கள், ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். அதெல்லாம் அவருக்குப் புதிதில்லை. "கெப்பெட்டிப்பொலையில நூறு லொறிக்கு நடுவுல, மூட ஏத்துற ஆம்புளயளுக்கு நடுவுல, எண்ட புள்ள என்னத்துக்கு?" என்றார். அது ஒன்று. "அந்த வண்டிய நம்ப ஏலா" என்றார். அது மற்றது. இரண்டாவதுக்கு மட்டும் அப்பா பதில் சொன்னார். "அது ஒன்ன ஏமாத்தினயா? பதுளைக்குக் கொண்டு போச்சா இல்லயா?" உம்மா ஒன்றும் பேசாமல் குசினிக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வியை அப்பா கேட்டிருக்கத் தேவையில்லை என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

பதினெட்டு முடிந்தபின் முறைப்படி எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதி, முன்னும் பின்னும் எல் பலகை, செயன்முறைப் பரீட்சை. பரீட்சை சாரதிப் பயிற்சிப் பாடசாலையின் சின்னக் காரில். அது பஞ்சு போல இருந்தது. கியர் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. அனுமதிப்பத்திரம் கையில் வந்த வாரம், அப்பா பக்கத்து ஆசனத்தில் ஏறி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "கெப்பெட்டிப்பொல" என்று மட்டும் சொன்னார்.

எட்டு மூடை கிழங்கு, மூன்று மூடை கரட், பன்சலை அம்மாவின் லீக்ஸ் கூடை. நுழைவாயிலில் லொறிகள். எனக்கு முன்னால் நின்ற லொறிச் சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கியே வந்துவிட்டார். அவர் வந்தது ஹாஜியாருக்கு ஸலாம் சொல்ல. வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு நாட்டாமை கையை அசைத்து "என்ன நங்கி, என்ன, என்ன" என்று வழிகாட்டினார். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க'. நம் மொழியில் அது கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழங்கின் விலை அன்று மோசம். அதைப் பற்றி அப்பாவும் தரகரும் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் ஆசனத்திலேயே இருந்தேன். யாரும் என்னை விசேடமாகப் பார்க்கவில்லை. சந்தையில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் காலை அது என் வேலை. டியூஷன் இல்லாத நாட்களில். உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் என்று வெளியே போய்விட்டால் என்ன செய்வது என்று நாங்கள் இன்னும் பேசவில்லை. கொழும்புக்காரர் மாதம் ஒரு தடவை எடுக்கிறார். அப்பா அவரோடு நல்ல சிநேகம் ஆகிவிட்டார். கண்ணைப் பற்றியெல்லாம் விசாரிக்கிறாராம். முன்பக்க வில்லுத்தகட்டின் புஷ் தேய்ந்திருப்பதாகக் கராஜ் பாஸ் சொன்னார். அதைத் தேடித் தருவதாகச் சொல்லியிருப்பவரும் அதே கொழும்புக்காரர்தான்.

போன திங்கட்கிழமை நான் கொப்பியில் மைல் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். உம்மா வந்து கதவடியில் நின்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வெள்ளிக்கிழம ஹப்புத்தளைக்குச் சாச்சி வீட்டுக்குப் போகோணும். பஸ்ஸுல போனா ரெண்டு மாறணும். பெற்றோல் ஈக்கா?" என்று கேட்டார்.

ஒன்பது லீற்றர் இருந்தது. போதும் என்றேன். மெத்தையை இப்போதே வெயிலில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.